பதினொன்றாம் தேதித் தண்ணீர்

மருதேந்தல்,
2.2.2025

அன்புத் தம்பி எழிலரசனுக்கு,

அக்கா சொர்ணவல்லி எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, மனசுதான் சரியில்லை. நீயும் சத்யாவும் சுகமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

கையில் போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போன மாதம் பத்தொன்பதாம் தேதி நீ வாட்ஸ்அப்பில் நீளமாக ஏதோ அனுப்பினாய். அறந்தாங்கி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கிப் பார்த்தால் செய்தி நீக்கப்பட்டது என்று நிற்கிறது. கேட்டதற்கு, "வேற ஆளுக்குப் போட வேண்டியதுக்கா" என்றாய். இருக்கட்டும். ஆனால் எழுதியதை அழித்துவிட்டு எழுதவே இல்லை என்று சொல்லக்கூடிய எதன் மேலும் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. இனிமேல் எனக்கு எழுதுவதைப் பேனாவால் எழுது, அடியில் கையெழுத்துப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுசாமி சித்தப்பா வயல் கருக்காயாகப் போய்விட்டது. ஒரு ஏக்கரும் போச்சு. பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லை. கதிரை உருவிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. மாட்டுக்குத்தான் அறுத்துப் போட்டார்கள்.

கீழமடையில் பன்னிரண்டு வயல், ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் என்பது உனக்குத் தெரியும். மார்கழிக் கூட்டத்தில் முறை வாசித்தபோது அவருக்கு ஜனவரி பதினொன்று, சனிக்கிழமை. அன்று காலையில் அவர் மம்பட்டியோடு மடைக்குப் போயிருக்கிறார். மடை திறக்கிற பாலாஜி போனைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒங்களுக்குப் பதினேழு சித்தப்பா, இன்னைக்கு சொர்ணக்கா வயலு" என்று சொல்லிவிட்டான். அவர் எவ்வளவோ மல்லுக்கட்டியிருக்கிறார். யார் கேட்டார்கள்? பதினைந்தோடு கண்மாயில் தண்ணீர் முடிந்தது. பதினேழில் அவருக்குச் சேறுதான் வந்தது.

முறை நோட்டுக்குப் பதிலாக நீ போனில் போட்டுக்கொடுத்த ஷீட்டில் என் பெயர் பதினொன்றில் இருந்தது, நான் பாய்ச்சினேன். பன்னிரண்டு பேர் தேதியையும் நான் மனப்பாடமாகவா வைத்திருக்கிறேன்? ஆனால் ஊரில் எல்லார் வாயிலும் இப்போது ஒரே பெயர்தான், தண்ணித் திருடி. ஷீட்டை எல்லாரும் பார்க்கலாம், மாற்ற முடிந்தது நீயும் நானும் மட்டும். நீ பெங்களூரில் இருக்கிறாய். அப்புறம் யார் மேல் சொல்வார்கள்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசியதையே என் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்கிறார் சித்தப்பா. "நோட்டைத்தான் ஏமாத்தலாம், ஷீட்டு பொய் சொல்லாதுன்னு ஒன் தம்பிதானே ஆத்தா சொன்னான்?" என்கிறார்.

வைகாசிக் கூட்டத்தில் இதை எடுக்கப் போகிறார்கள். முறையைத் திருடியது நான்தான் என்று முடிவானால் மூன்று வருஷத்துக்கு நம் வயலுக்குக் கடைசி முறை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பெயரோடு நான் இந்த ஊரில் எப்படி நடமாடுவது? யார் மாற்றியது என்று கண்டுபிடித்துச் சொல். இதுதானே உன் வேலை?

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
சொர்ணவல்லி


பெங்களூரு,
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். பாப்பாவுக்குச் சளி போய்விட்டது. அத்தானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? இன்னமும் டவுன் பஸ்தான் ஓட்டுகிறாரா?

நீ கேட்டபடி பேனாவால் எழுதுகிறேன். காலேஜ் முடித்த பிறகு இவ்வளவு எழுதியதில்லை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கோபப்படுவது நியாயம்தான். ஆனால் இந்த மாதிரி ஷீட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் கோபம் குறையும். அது உன் போனிலும் இல்லை, என் கம்ப்யூட்டரிலும் இல்லை. எங்கேயோ ஒரு பெரிய இடத்தில் இருக்கிறது. நாம் எல்லாரும் அதையே எட்டிப் பார்க்கிறோம். சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு போன் பழையதை வைத்துக்கொண்டிருக்கும். சிக்னல் வந்ததும் பழையது புதியதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவது உண்டு. கண்மாய்க் கரையில் சிக்னல் எப்படி என்று உனக்கே தெரியும். அப்படி ஏதாவது நடந்திருக்கலாம். ஊரில் சிக்னல் கோளாறு என்றே சொல்லிவிடு. யார் மேலும் பழி வராது.

இந்த மாதம் ஆபீசில் நான் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் சிஸ்டத்தில் ஒருவரையொருவர் எப்படி நம்புவது என்பதுதான் தலைப்பு. அந்த வேலையில் மூழ்கியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
எழிலரசன்


மருதேந்தல்,
14.2.2025

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோஷம். இங்கேயும் சோறு தண்ணிக்குக் குறைவில்லை.

நீ சொன்னபடியே போய்ச் சொன்னேன், சிக்னல் கோளாறு என்று. டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சிக்னலுக்கு அம்புட்டு வயலு இருக்கயில எங்க வயலுதான் கண்ணுல பட்டுச்சா, ஆத்தா? அங்கிட்டு எடுத்தத கரெக்டா ஒன் வயல்ல கொண்டாந்து வச்சிருக்கே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பன்னிரண்டு பெயரில் இரண்டே இரண்டு பெயர் இடம் மாறியிருக்கிறது. அவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர், என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர். எந்தக் கோளாறு இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும்? எனக்கு வகுப்பு எடுக்காதே எழில். நானும் பி.எஸ்சி. படித்தவள்தான்.

பழைய நோட்டு ஒன்றும் சொக்கத்தங்கம் இல்லை, எனக்குத் தெரியும். மழையில் நனைந்து தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதனால்தான் நீ சொன்னபோது முதல் ஆளாக நான் கை தூக்கினேன். ஆனால் அந்த நோட்டில் முறையை மாற்ற வேண்டும் என்றால் மாற்றிக்கொள்கிற இரண்டு பேரும் மடைக்கு வர வேண்டும். மடைச் சேற்றில் பெருவிரலைத் தோய்த்து அந்தத் தேதிக்கு நேரே இரண்டு பேரும் வைக்க வேண்டும். ஒரு விரல் மட்டும் இருந்தால் செல்லாது. நீ அதைச் சேற்று நோட்டு என்று கிண்டல் பண்ணினாய். ஊரும் சேர்ந்து சிரித்தது. உன் ஷீட்டில் ஒரு விரல் போதும், அதுவும் யார் விரல் என்று தெரியாது.

நான் கேட்டது ஒன்றுதான். யார் மாற்றியது? அதற்குப் பதில் எழுது.

சொர்ணவல்லி


பெங்களூரு,
27.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு, வேலை நெருக்கடி. வெயில் ஆரம்பித்திருக்கும், வயலுக்குத் தொப்பி போடாமல் போகாதே.

நீ சொன்ன பிறகு நிறைய யோசித்தேன். சிக்னலாக இல்லாமலும் இருக்கலாம். உன் போனை நீ எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட்டுப் போகிறாய். லாக் போடுவதும் இல்லை. மடையில் பாலாஜி பக்கத்தில் எத்தனை தடவை வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கியிருக்கிறாய்? நான் அவன் மேல் குற்றம் சொல்லவில்லை. பார்க்கும்போது தெரியாமல் விரல் பட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அவனிடம் தன்மையாக ஒரு வார்த்தை கேட்டுப் பார்.

என் பேச்சு நல்லபடியாக முடிந்தது. மேலே இருப்பவர்கள் பாராட்டினார்கள்.

சத்யா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

தம்பி,
எழிலரசன்


மருதேந்தல்,
9.3.2025

எழிலரசனுக்கு,

இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

உன் பேச்சைக் கேட்டுப் பாலாஜியிடம் கேட்டேன். தன்மையாகத்தான் கேட்டேன். "எங்கப்பா காலத்துலேர்ந்து மடை தொறக்கோம். ஒரு சொட்டு அங்கிட்டு இங்கிட்டு விட்டதில்ல. நீங்களாக்கா கேக்குறீங்க?" என்றான். மடைச்சாவியை என் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இனி இந்த வேலைக்கு வரமாட்டானாம். அந்தச் சாவி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் வாசல் தெளிக்கிறேன். இந்தப் பாவத்தை யார் தலையில் கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆத்திரத்தில் அன்றைக்கே ஆவுடையார்கோவிலுக்குப் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தில் பிளெஸ்ஸி என்று ஒரு கம்ப்யூட்டர் டீச்சர், ஆவூர்க்காரப் பெண். ஷீட்டை அவரிடம் காட்டினேன். இரண்டே நிமிஷம். எதையோ அமுக்கினார், பழைய மாற்றம் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டத்தில் என்று எல்லாம் இருக்கிறது. "இதுகூட ஒங்க தம்பி சொல்லலையா? முதல்ல பாக்குறதே இதத்தானே" என்று அந்தப் பெண் கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜனவரி எட்டு, காலை பதினொன்று நாற்பது. மாற்றியவர் சொர்ணவல்லி.

என் பெயர்தான் எழில். என் போட்டோகூடப் பக்கத்தில் இருக்கிறது, நீ தீபாவளிக்கு எடுத்தது.

ஜனவரி எட்டு, காலை பதினொன்று நாற்பதுக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? புதுக்கோட்டையில் கண் ஆஸ்பத்திரியில், இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மருந்து ஊற்றிய நேரம் பதினொன்று ஐந்து என்று நர்ஸ் எழுதிய சீட்டு என்னிடம் இருக்கிறது. போன் பைக்குள் இருந்தது. பாலாஜி முப்பது மைல் தள்ளி மடையில் இருந்தான்.

இந்தச் சீட்டை ஊரில் காட்டினேன். "கண்ணுக்குத்தானே மருந்து ஊத்துனாங்க, விரலுக்கு இல்லையே" என்று ஒருவன் சொன்னான்.

ஷீட்டுக்குள் என் பெயரில் நுழைய வேண்டும் என்றால் பாஸ்வேர்டு வேண்டும். அது நம் பழைய செவலைக் காளையின் பெயரும் நீ பிறந்த வருஷமும். போட்டுக்கொடுத்தது நீ. அதைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு அன்று கண் தெரியவில்லை.

பதில் எழுது.

சொர்ணவல்லி


மருதேந்தல்,
30.3.2025

எழிலரசனுக்கு,

நலமா என்று கேட்க வேண்டியது வழக்கம், கேட்டுவிட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. போன கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லாதே, பதிவுத் தபாலில் போட்டேன், வாங்கியவர் கையெழுத்து உன்னுடையது. சத்யாவுக்குப் போன் போட்டால் நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்?

நேற்று ரேஷன் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பையை எடுத்து முன்பக்கமாக வைத்துக்கொண்டாள். பையில் ஒன்றும் இல்லை, காலிப் பை. வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன். இதையும் எழுதுகிறேன், உனக்குத் தெரியட்டும்.

சொர்ணவல்லி


மருதேந்தல்,
6.4.2025

மதிப்பிற்குரிய தம்பி எழிலரசன் அவர்களுக்கு,

கண்ணுசாமி வீட்டுச் செல்வராணி எழுதுவது. ஒங்க வீட்ல எல்லாரும் நல்லாருக்கீங்களா. நாங்க நல்லாருக்கோம். ஒங்க விலாசம் ஒங்க அக்காதான் குடுத்தாங்க.

எங்க வீட்டுக்காரரு ஒங்க அக்காவ வாய்க்கு வந்தபடி பேசிட்டாரு. பேசக்கூடாததும் பேசிட்டாரு. அது பத்தி எனக்கு வருத்தம் உண்டு. ஆனா வயல்ல போயி நின்னா எனக்கும் அப்படித்தான் பேசத் தோணுது. நாலு மாசம் களை எடுத்தது நான். ஒங்க அக்கா எங்க வாசலுக்கு வந்து, நான் செய்யல சித்தின்னு பாப்பா மேல சத்தியம் பண்ணுனாங்க. ஒங்க பாப்பா மேல. பொய்யா இருந்தா அந்தப் பிள்ள பேரச் சொல்லுவாங்களான்னு எனக்கு ஒறக்கம் வரல.

நாங்க ஒங்ககிட்ட நட்டம் கேக்கல. பயிரு போனது போச்சு. யாரு மாத்துனதுன்னு மட்டும் தெரியணும். ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குப் படுது. தெரிஞ்சா ரெண்டு வரி எழுதுங்க தம்பி. தெரியலன்னா அதையும் எழுதுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க.

இப்படிக்கு,
செல்வராணி


பெங்களூரு,
20.4.2025

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க மாட்டாய். நானும் இல்லை. சத்யாவுக்கும் நேற்றுத்தான் சொன்னேன், அவள் என்னோடு பேசவில்லை.

நான்தான் மாற்றினேன்.

செல்வராணி சித்தி கடிதம் வந்து பத்து நாளாகிறது. பாப்பா மேல் நீ சத்தியம் செய்த இடத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

உன் ஐடி என் லேப்டாப்பில் திறந்தே இருந்தது, அதனால் கை தவறி உன் பெயரில் விழுந்துவிட்டது என்று முதலில் எழுதினேன். கிழித்துவிட்டேன். என் ஐடியும் பக்கத்திலேயே திறந்துதான் இருந்தது. என் பெயரில் மாற்றினால், ஊரில் இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். உன் பெயரில் மாற்றினால் பொறுப்பாளி ஏதோ காரணத்தோடு மாற்றியிருப்பாள் என்று விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். உன் பேருக்கு ஊரில் இருந்த மரியாதையை எடுத்து நான் செலவு பண்ணினேன்.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஜனவரி ஆறாம் தேதி நீ போனில் சொன்னாய், "எனக்குப் பதினேழுடா, அதுக்குள்ள கண்மாய் வத்திரும், பயிரு போயிரும்" என்று. உன் குரல் மனசிலேயே கிடந்தது. இரண்டு நாள் கழித்து மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே ஷீட்டைத் திறந்து இரண்டு பெயரை மாற்றினேன். பத்து செகண்டுகூட ஆகியிருக்காது. ஏன் சித்தப்பா பெயர் என்று கேட்பாய். அவருக்கு ஸ்மார்ட்போன் இல்லை. வேறு காரணம் இல்லை.

வயல் போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் உனக்கு அந்த நீளமான செய்தியைப் போட்டேன். நீ பார்க்கும் முன் அழித்தேன். அப்புறம் சிக்னல் என்றேன், பாலாஜி என்றேன். ஆபீசில் நம்பிக்கையைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கினேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பதினொன்றாம் தேதி சாயங்காலம் நீ போன் செய்து, "தண்ணி பாஞ்சிருச்சுடா" என்றாய். பதினேழு எப்படிப் பதினொன்று ஆனது என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. உனக்கும் புரிந்துவிட்டது, பேசாமல் ஏற்றுக்கொண்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை ஊரில் படித்துக் காட்டு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எழிலரசன்


பெங்களூரு,
6.5.2025

அன்புள்ள அக்கா,

நலமா? நான் எழுதியது கிடைத்ததா? பதினாறு நாளாகிறது. திட்டியாவது எழுது. அத்தானுக்குப் போன் செய்தால், "அவ யாரோடயும் பேச மாட்டேங்குறா மாப்ள" என்கிறார். சாப்பிடுகிறாயா?

எழில்


மருதேந்தல்,
11.5.2025

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். உன் கடிதம் ஏப்ரல் இருபத்து நான்காம் தேதியே வந்துவிட்டது. அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். ஏன் பதில் போடவில்லை என்று இப்போது கேட்காதே.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தத் தாள் போதாது. நீ ஊருக்குத் தண்ணீர் விடுகிற முறையை மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு விளையாட்டாக மாற்றியிருக்கிறாய். ஒரு மனுஷனிடம் போன் இல்லை என்பதற்காக அவன் சோற்றில் கை வைத்திருக்கிறாய். பாலாஜி வாயில் மண் அள்ளிப் போட்டிருக்கிறாய். மூன்று மாதம் நான் தெருவில் தலை குனிந்து நடந்தது உனக்குத் தெரியும், தெரிந்தும் பாப்பாவுக்குச் சளி போய்விட்டது என்று எழுதினாய். அக்காவுக்காகச் செய்தேன் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நான் கேட்டேனா?

நீ எழுதியதை நான் படித்துக் காட்ட மாட்டேன். உன் பொய்யை என் பெயரில் எழுதினாய், உன் உண்மையையும் என் வாயால் சொல்ல வேண்டுமா? வருகிற பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழமடையில் கூட்டம். கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். வந்து நீயே படி.

வரும்போது சத்யாவையும் பாப்பாவையும் கூட்டி வர வேண்டாம். அவர்களுக்கு இந்த வெயில் ஆகாது.

சொர்ணவல்லி


மருதேந்தல்,
1.6.2025

அன்புத் தம்பி எழிலுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு நாளாக நல்ல தூக்கம். சத்யா பேசுகிறாளா? பேசாவிட்டால் நீ பேசு, அவளே இறங்கி வரட்டும் என்று இருக்காதே.

நீ வந்து நின்று படித்தாய். ஒரு வரி விடாமல் படித்தாய். சித்தப்பா உன்னிடம், "மாத்துறப்ப எங்க வயலு எங்கிட்டு இருக்குன்னாச்சும் ஒனக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டதும், நீ தெரியாது என்று சொன்னதும் என் காதிலேயே நிற்கிறது. கண்மாய் காய்ந்து கிடந்ததால் பாலாஜி கேனில் தண்ணீர் கொண்டு வந்து மண்ணைக் குழைத்தான். உன் கடிதத்தின் கீழே நீ பெருவிரல் வைத்தாய். அதையும் பார்த்தேன். அப்புறம் நீ திருச்சி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அத்தானையும் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டேன், நானே எழுத வேண்டும் என்பதற்காக.

நீ போனதும் ஊரே என் பக்கம் திரும்பிவிட்டது; என்னைப் பற்றி நீ எழுதிய கடைசி வரிகளை, பழியை அக்கா மேல் திருப்பப் பார்க்கிறான் என்று தள்ளிவிட்டார்கள். பாவம் இந்தப் பொம்பள, கூடப் பிறந்தவன் செய்ததற்கு இவள் பழி சுமந்தாளே என்று உச்சுக்கொட்டினார்கள். ரேஷன் கடையில் பையை மறைத்தவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "என்னய மன்னிச்சிரு ஆத்தா. வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். அடுத்த வருசமும் நீயே முறை எழுது" என்றார். எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். பாலாஜி சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

இத்தனை மாதமாக நான் கேட்டது இதைத்தானே எழில்? நான் திருடவில்லை என்று ஊர் சொல்ல வேண்டும் என்றுதானே உன்னைப் போட்டு அப்படி வறுத்தெடுத்தேன்? சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

உன் கடிதத்தைப் பதினேழு நாள் சேலைக்கு அடியில் வைத்திருந்தது ஏன் என்று இப்போது சொல்கிறேன். நான் கேட்கவில்லை என்று நீ கடைசியில் எழுதியிருந்த அந்த நாலு வரிதான் காரணம். ஜனவரி பத்தாம் தேதி சாயங்காலம் நான் ஷீட்டைத் திறந்தேன். என் பெயர் பதினொன்றில் இருந்தது. எனக்குப் பதினேழு என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு பெயரையும் மார்கழியில் என் கையால் அடித்தவள் நான். என் தேதி எனக்கு மறக்குமா? ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் சரிசெய்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. விடிந்ததும் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா மடையில் பாலாஜியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சத்தம் என் வயல்வரை கேட்டது. நான் குனிந்து வரப்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

உன் பாப்பா மேல் செய்த சத்தியத்தில் பொய் இல்லை. நான் மாற்றவில்லை. ஆனால் சித்தி என்னிடம் கேட்டது, "நீ செஞ்சியா?" என்று. நான் செய்யவில்லை என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை பார்த்தாயா? அவ்வளவு சாமர்த்தியமாகச் சத்தியம் செய்திருக்கிறேன்.

அன்றைக்கு மடையில் எல்லாரும் கலையப் போகிற நேரத்தில் இதை அப்படியே சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் விட்டுவிட்டாள். சித்தப்பா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறி நடந்துபோய்விட்டார். பாலாஜி மட்டும், "அப்ப என்னய எதுக்குக்கா கேட்டீங்க?" என்று கேட்டான். அவன் நின்ற இடத்திலேயே குழைத்த மண் மீதி இருந்தது. உன் விரலுக்குப் பக்கத்தில் என் விரலையும் வைத்துவிட்டு வந்தேன். கடிதம் பழைய நோட்டுக்குள் இருக்கிறது.

நம் வயலுக்கு மூன்று வருஷம் கடைசி முறை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பாதி வயல் உன் பெயரில் இருக்கிறது, உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

முறை எழுதும் பொறுப்பை இனிமேல் செல்வராணி சித்தி பார்க்கட்டும் என்று முடிவானது. ஷீட் இருக்கட்டும், நோட்டும் இருக்கட்டும், நோட்டில் இரண்டு விரல் விழாமல் ஷீட்டில் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்று சித்தி சொல்லிவிட்டார். பிளெஸ்ஸி டீச்சர் போன ஞாயிறு வந்து, உன் பெயரையும் என் பெயரையும் மாற்றுகிற இடத்திலிருந்து எடுத்துவிட்டு, சித்திக்குப் புதிதாக ஒன்று போட்டுக்கொடுத்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது சித்தி போனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எழுந்து வாசலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பதில் எழுது. பேனாவால்தான் எழுத வேண்டும் என்று இல்லை.

உன் அக்கா,
சொர்ணவல்லி